நீலத்தாளும் வெள்ளித்தாளும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே என் கிளினிக்குக்கு வந்தார். பத்து நாள் முன்னால்தான் அவருடைய இடது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை முடித்து கேப் ஒட்டியிருந்தேன்.

"டாக்டரம்மா, வாயை மூடினா இந்தப் பல்லுதான் முதல்ல இடிக்குது. மத்ததெல்லாம் அப்புறம்தான் வருது."

நரம்பு எடுத்த பல் எப்படி வலிக்கும் என்று கூட வந்த மகனுக்குச் சந்தேகம். உள்ளே நரம்பு இல்லை, சரி. ஆனால் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தசைநார் இருக்கிறது. கடிக்கிற அழுத்தத்தை உணர்வது அதுதான். பற்களுக்கு இடையில் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு ஏதாவது சிக்கினாலே பலருக்குத் தெரிந்துவிடும். தலைமுடியே அதைவிடத் தடிமன். அதனால் "ஏதோ உயரமா இருக்கு" என்று யார் சொன்னாலும் நான் அதை நம்பித்தான் பார்க்க ஆரம்பிப்பேன்.

கேப் ஒட்டிய அன்று அவரைப் படுக்க வைத்து, பற்கள் தொடும் இடத்தில் மைப்புள்ளி விழுகிற நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, புள்ளிகள் சீராக விழுந்ததைப் பார்த்து அனுப்பிவிட்டேன். தவறு அங்கேதான். படுத்தால் கீழ்த்தாடை கொஞ்சம் பின்னால் சரியும், கடியும் மாறும். சாப்பிடுவது நிமிர்ந்து உட்கார்ந்துதானே!

நீலத்தாளை மட்டும் நம்பவும் கூடாது. தடிமனான தாள் 200 மைக்ரான் வரை இருக்கும். பல் தொடாத இடத்திலும் மை பூசிவிடும். எச்சில் ஈரம் இருந்தால் தொட்ட இடத்தில்கூட ஒட்டாது. வழவழப்பான பீங்கான் கேப்பில் இன்னும் சிரமம். பெரிய புள்ளி என்றால் பலமான கடி என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. புள்ளியின் அளவை வைத்து விசையைச் சொல்ல முடியாது. இப்போது நான் தேடுவது வளையத்தை: நடுவில் வெளுத்து, சுற்றிலும் நீலம். அழுத்தம் தாங்காமல் மை விலகிய இடம் அது.

எந்தப் பல் முதலில் தொடுகிறது, எதில் விசை அதிகம் என்பதைத் திரையில் வண்ணமாகக் காட்டும் டி-ஸ்கேன் கருவி உண்டு. என் கிளினிக்குக்குக் கட்டுப்படியாகாத விலை. என்னிடம் இருப்பது ஷிம்ஸ்டாக், 8 மைக்ரான் தடிமனில் ஒரு வெள்ளித்தாள். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியில் பிடித்து, பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தபின் இழுக்க வேண்டும். வராமல் நின்றால் பற்கள் தொடுகின்றன. வழுக்கி வந்தால் இடைவெளி.

அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். கேப்பில் தாள் இறுகி நின்றது. பக்கத்துப் பற்களில் ஒவ்வொன்றாக வழுக்கி வந்துவிட்டது. நேர் மேலே இருந்த பல்லில் என் விரல் நுனியை வைத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரத் தட்டச் சொன்னால், அது லேசாக அதிர்ந்தது. காற்றடித்து உலர்த்தி, மெல்லிய நீலத்தாள் வைத்தேன். கேப்பின் பின்பக்க மேட்டில், உள்சரிவில் கடுகளவு ஒரு வளையம்.

அங்கே மட்டும் டயமண்ட் பர்ரால், அதாவது வைரத்துகள் பதித்த சுழலும் முனையால், லேசாகத் தேய்த்தேன். மறுபடி தாள், மறுபடி பர். நான்காவது தடவையில் பக்கத்துப் பல்லிலும் வெள்ளித்தாள் நின்றது. தட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே 'டக்'.

"இப்ப எல்லாம் ஒண்ணா வருது" என்றார்.

"வலி போக இன்னும் மூணு நாலு நாள் ஆகும் ஐயா. நசுங்கின இடம் ஆறணும்."

கேப் வைக்கும் முன்பே எந்தெந்தப் பல்லில் வெள்ளித்தாள் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகும் அதே பற்களில் நிற்க வேண்டும். அவருடைய கேஸ் ஷீட்டில் அந்த வரியே இல்லை. அவர் போனபின், இடது கீழ்ப் பற்களின் எண்களைப் போட்டு எழுதிச் சேர்த்தேன்: 35, 36, 37 – நிற்கிறது. 34 – தயங்கி வருகிறது.