டோர்டோன் ஆற்றங்கரையில் ஐந்து நாள்

பாறையிலேயே குடைந்த ஒரு வளையம். ஆணி கிடையாது, இரும்பு கிடையாது. சுண்ணாம்புக் கல்லை இரண்டு பக்கமும் தோண்டி நடுவில் கைப்பிடி மாதிரி கொஞ்சம் கல்லை விட்டிருக்கிறார்கள். என் மகள் அதற்குள் விரலை விட்டுத் தடவிவிட்டு, "அப்பா, இங்க மட்டும் வழுவழுன்னு இருக்கு" என்றாள். கயிறு உரசி உரசித் தேய்ந்த இடமாகத்தான் இருக்கவேண்டும். மாட்டைக் கட்டினார்களோ, விளக்கைத் தொங்கவிட்டார்களோ, இல்லை குழந்தைக்குத் தொட்டில் கட்டினார்களோ! அந்த வளையத்தை விட்டு அவளை நகர்த்தவே பத்து நிமிடம் ஆனது.

இது லா ரோக் சான் கிறிஸ்தோஃப் என்ற இடம். தென்மேற்குப் பிரான்ஸில், டோர்டோன் மாவட்டத்தில், வேசேர் என்ற சின்ன ஆற்றின் கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 80 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற ஒற்றைப் பாறைச்சுவர். அந்தச் சுவரில் அடுக்கடுக்காக நீளமான திண்ணைகள், ஒவ்வொன்றுக்கும் மேலே பாறையே கூரை. நியாண்டர்தால் மனிதர்கள் ஒதுங்கிய இடம். அப்புறம் வந்தவர்களும் ஒதுங்கினார்கள். இடைக்காலத்தில் இதே திண்ணைகளில் ஒரு ஊரையே கட்டிவிட்டார்கள்: வீடு, கோயில், கிணறு தேவைப்படாத அளவுக்குக் கீழேயே ஆறு. 16ஆம் நூற்றாண்டு மதப்போர்களில் ஊர் இடிக்கப்பட்டது. மர வீடுகள் போய்விட்டன, உத்தரம் செருகிய சதுரக் குழிகள் மட்டும் வரிசை வரிசையாக அப்படியே இருக்கின்றன. அந்தக் குழிகளை வைத்தே எது மாடி, எது தரை என்று சொல்லிவிடலாம்.

நாங்கள் பாரிஸிலிருந்து காரில் போனோம், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்தி நிறுத்திப் போனதில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. கிளம்பும்போது என் பட்டியலில் கோட்டைகள், குகைகள், தோட்டங்கள் என்று பதினேழு பெயர்கள் இருந்தன. முதல் நாளே அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். இந்தப் பகுதியில் பார்க்கவேண்டியது தனித்தனி இடங்களே இல்லை, அந்தப் பாறைதான் என்று எனக்குப் பட்டது. மென்மையான அடுக்கை உறைபனியும் நீரும் அரித்து எடுக்க, கெட்டியான அடுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. வெயில் விழுகிற பக்கம், மழை விழாத இடம், கீழே தண்ணீர், கல்லுக்குள்ளேயே ஆயுதம் செய்யச் சிக்கிமுக்கிக் கல். மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்? யுனெஸ்கோ 1979இல் இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 147 தொல்பழங்கால இடங்களும் ஓவியமும் செதுக்கலும் உள்ள 25 குகைகளும் இங்கே இருப்பதாகக் குறித்தது. பள்ளிப் பாடத்தில் படித்த குரோமாக்னன் மனிதன்கூட இங்கே லெசெஸி ஊர்க்காரன்தான், 1868இல் வழி அமைக்க மண் வெட்டியபோது கிடைத்த எலும்புகள். அந்த ஊரில் இன்றும் பல வீடுகளுக்குப் பின்சுவர் கிடையாது, பாறைதான் பின்சுவர்.

சரி, லாஸ்கோ. எல்லாரும் கேட்கிற கேள்வி: "நிஜக் குகையைக் காட்டமாட்டார்களாமே, நகலைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம்?" நானும் அப்படி நினைத்தவன்தான். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் மோன்தின்யாக் ஊருக்கு மேலே உள்ள காட்டில் ஒரு பொந்துக்குள் இறங்கிக் கண்டுபிடித்த குகை அது, சுவரெல்லாம் பனியுகத்து மனிதர்கள் வரைந்த ஓவியங்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள். அத்தனை பேரும் விட்ட மூச்சுக்காற்றில் இருந்த கரியமில வாயுவும் ஈரமும் சூடும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகள் அசையாமல் இருந்த சுவரைப் பதினைந்தே ஆண்டுகளில் கெடுத்துவிட்டன. பச்சைப் பாசி படர்ந்தது, வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு ஏறத் தொடங்கியது. 1963இல் அப்போதைய கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். யாரும் அங்கே கெட்ட எண்ணத்தோடு போகவில்லை, ஆசையாகப் பார்க்கத்தான் போனார்கள். அதுதான் எனக்கு மனதில் தைத்தது.

இப்போது நாம் பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த 'நான்காவது லாஸ்கோ' என்ற நகல். போகலாமா என்றால், கட்டாயம் போகலாம். குகையின் மேடு பள்ளம், குளிர், இருட்டு எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காளை ஒன்று தலைக்கு மேலே ஓடுகிறது, நாம் கழுத்தை வளைத்துப் பார்க்கிறோம். பாறை புடைத்திருக்கும் இடத்தை மாட்டின் வயிறாக வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார்கள் என்பது எந்தப் புகைப்படத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. அங்கே நின்றபோது ஒரு நொடியில் புரிந்தது. என் மகளுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "நிஜமா வரைஞ்சவங்க தொட்ட சுவர் எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்குப் பதில் ஐந்தாம் நாள் கிடைத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடுவில் ஆறு. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்: கோட்டைக்கு உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, டோர்டோன் ஆற்றில் படகு ஓட்டிக்கொண்டு கோட்டைகளுக்குக் கீழே போங்கள். கோடையில் ஆறு அகலமாக, தெளிவாக, பல இடங்களில் இடுப்பளவு ஆழத்தில்தான் ஓடுகிறது. துடுப்புப் படகு வாடகைக்குக் கொடுப்பவர்கள் கரையெங்கும் இருக்கிறார்கள். உயிர்காப்பு அங்கியும், பணப்பை, போன், மாற்றுத்துணி போட்டுத் திருகி மூட ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் தருவார்கள். நீங்கள் ஓடுகிற திசையில் இறங்கிப் போனால் போதும், திரும்பி வர அவர்கள் வண்டி உண்டு. குழந்தைகளுக்கு நீச்சல் தெரிந்திருக்கவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். நான் பீப்பாயின் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டதில் சாண்ட்விச் எல்லாம் ஆற்றுத் தண்ணீரில் ஊறிப்போய், மதியம் வரை மூவரும் பட்டினி. திருகிய பிறகு ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

நாங்கள் செனாக் என்ற இடத்தில் இறங்கினோம். அதற்கு மேலே குன்றின் உச்சியில் டோம் என்ற மதில் சூழ்ந்த ஊர், 1281இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் ஃபிலிப் நிறுவியது. கொஞ்ச தூரத்தில் வலக்கரையில் லா ரோக் கஜாக் வருகிறது. அந்த ஊரைச் சாலையிலிருந்து பார்த்தால் கடைகளும் கார்களும்தான் தெரியும். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் தேன்நிற வீடுகள் பாறையோடு ஒட்டி ஒண்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது. அந்தப் பாறை சும்மா நிற்கிற பாறையில்லை. 1957இல் ஒரு பகுதி சரிந்து விழுந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். இருந்தும் மக்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து 'கபார்' எனப்படும் தட்டையான அடிப்பகுதி கொண்ட படகுகளில் பீப்பாய் செய்ய ஓக் மரமும் மதுவும் ஏற்றி போர்தோ பக்கம் அனுப்பினார்கள். இப்போது அதே வடிவப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள்.

அப்புறம் ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் இடக்கரையில் காஸ்டெல்னோ கோட்டை, அதைக் கடந்து கொஞ்சம் போனால் வலக்கரையில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் பேனாக் கோட்டை. நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்டெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். இரண்டுக்கும் நடுவில் இந்த ஆறு. துடுப்பை மடியில் வைத்துவிட்டு நீரோட்டத்தோடு விட்டுவிட்டோம். ஒரு பக்கம் திரும்பினால் ஒரு கோட்டை, மறுபக்கம் திரும்பினால் இன்னொன்று. காலையில் சன்னலைத் திறந்தால் எதிரியின் சன்னல் தெரிந்திருக்கும். மேலே போய்ப் பார்க்க விரும்பினால் காஸ்டெல்னோவுக்குப் போங்கள், உள்ளே இடைக்காலப் போர்க்கருவிகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, மதிலில் கல் எறியும் பெரிய கவண்பொறிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆற்றோடு இன்னும் இறங்கினால் மிலாந்த். ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த கோட்டை. அமெரிக்காவில் வறுமையில் பிறந்த கறுப்பினப் பெண், பாரிஸ் மேடையில் பெயர் பெற்று, இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு வேலை செய்து, இந்தக் கிராமத்துக் கோட்டையை வாங்கி, வெவ்வேறு நாடுகளில் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1960களின் கடைசியில் கடனில் கோட்டை கைவிட்டுப் போனது. 2021இல் பாரிஸின் பாந்தியோன் நினைவிடத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள், அந்த மரியாதையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவருடைய குளியலறையையும் குழந்தைகளின் படங்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தபோது என் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை.

நடப்பவர்களுக்கு: மரத்திலோ கல்லிலோ மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடு இருந்தால் நீங்கள் நெடுந்தூரப் பாதையில் இருக்கிறீர்கள். ஒற்றை மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுப்பாதை. அந்தக் கோடுகள் பெருக்கல் குறி போலக் குறுக்காக இருந்தால் அது தப்பான வழி, திரும்பிவிடுங்கள். வால்நட் தோப்புகளுக்கு நடுவே போகிற மஞ்சள் பாதைகள்தான் எங்களுக்குப் பிடித்தன. சைக்கிள் என்றால் சார்லா என்ற ஊரிலிருந்து பழைய ரயில் பாதையைத் தார் போட்டு மாற்றியிருக்கிறார்கள், ரயில் ஓடிய வழி என்பதால் ஏற்றம் அதிகமில்லை. சார்லா சந்தை புதனும் சனியும், வால்நட் எண்ணெய் அங்கே வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சின்ன ஊர்களில் மதியம் கடை மூடிவிடும், ஞாயிறு மதியத்துக்கு மேல் ரொட்டி கிடைப்பதே கஷ்டம். கார் இல்லாமல் வந்தால் லெசெஸியிலும் சார்லாவிலும் ரயில் நிலையம் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் போகப் பேருந்தை நம்ப முடியாது.

ஐந்தாம் நாள், லெசெஸிக்குப் பக்கத்தில் ஃபோன்-ட-கோம் குகை. பல நிறங்களில் வரைந்த பனியுகத்து ஓவியங்களை இன்றும் நகல் இல்லாமல் நேரில் காட்டுகிற வெகுசில குகைகளில் ஒன்று. அதனால்தான் நாளொன்றுக்கு மிகக் குறைவான பேரையே உள்ளே விடுகிறார்கள், பயணத்தேதியை முடிவு செய்யுமுன் இந்த டிக்கெட் கிடைக்குமா என்று பாருங்கள். மேட்டுப் பாதையில் ஏறி, பையை வெளியே வைத்துவிட்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு குறுகலான இடுக்கில் போகவேண்டும். எதையும் தொடக்கூடாது.

வழிகாட்டி அம்மா ஒரு இடத்தில் நிறுத்தி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கறையும் வெடிப்பும்தான். விளக்கை மெதுவாக நகர்த்தினார். கொம்பின் வளைவு ஒன்று வந்தது. அப்புறம் முதுகு. கறுப்பு நிறத்தில் ஒரு ஆண் கலைமான், தலையைத் தாழ்த்தி நிற்கிறது. அதன் எதிரே முன்னங்கால் மடித்து ஒரு சிவப்புப் பெண்மான். ஆண்மான் அதன் நெற்றியை நக்கிக்கொடுக்கிறது. வேட்டையும் இல்லை, ஈட்டியும் இல்லை.

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். வாயையும் மூக்கையும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.