பூவைப் பார்த்தா, தாளைப் பார்த்தா?

எங்கள் செடித் தொகுப்பின் பதிவேட்டில் அந்த ஆர்க்கிட் செடியின் பெயரை 'வாண்டா சி.எஃப். சீருலியா' என்று எழுதியதும், தோற்றம் என்ற கட்டத்தில் 'யூ' என்ற எழுத்தைப் போட்டதும் நான்தான். சீருலியாவை ஒத்திருக்கிறது, ஆனால் அதுவேதான் என்று உறுதி சொல்ல இயலாது என்பது முதற்குறிப்பின் பொருள். எங்கிருந்து வந்தது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது இரண்டாவதன் பொருள். இந்த இரண்டு குறிப்புகளால் அந்தச் செடி விதைவழிப் பெருக்கத்துக்கான தாய்ச்செடிகளின் வரிசையில் இடம்பெறாமல் போயிற்று. முறைப்படி நான் செய்தது சரி. ஆனாலும் செடியைக் கொண்டுவந்த பெரியவர் அன்று கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே இன்னும் நிறைவு தரவில்லை.

"பூவைப் பார்த்துச் சொல்றீங்களா மேடம், இல்ல தாளைப் பார்த்துச் சொல்றீங்களா?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. "ரெண்டையும்தான் ஐயா" என்றேன்.

பூ ஏறக்குறைய எல்லா வகையிலும் சீருலியாவாகவே இருந்தது. ஒரு பூவைப் பிரித்து உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தேன். கருநீல உதட்டிதழ் மற்ற இதழ்களோடு ஒப்பிட மிகச் சிறியதாக இருந்தது. அதன் நடுமடலில் தடித்த வரம்புகள் ஓடின. அடியில் சற்றே வளைந்த குட்டையான குழல் இருந்தது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவைச் சேர்ந்த சாண்டெரியானா என்ற வேறொரு வாண்டாவுக்கு அந்தக் குழலே கிடையாது. இலை நுனியும் சீருலியாவுக்கு உரிய கோணல் வெட்டோடுதான் இருந்தது. என்னை உறுத்தியவை இரண்டு. காட்டுச் சீருலியாவின் அல்லி இதழ்கள் அடியில் முறுக்கிக்கொண்டு நிற்பதால் பூவில் இடைவெளிகள் தெரியும். இந்தப் பூ தட்டையாக, வட்டமாக, இடைவெளியே இல்லாமல் விரிந்திருந்தது. மேலும், பக்கவாட்டுப் புல்லி இதழ் ஒன்றின் அடியில் செம்பழுப்பு நிறத்தில் மிக நுண்ணிய புள்ளிகள் சில தெரிந்தன. அதே தண்டின் மற்றப் பூக்களில் அவற்றைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சீருலியாவையும் சாண்டெரியானாவையும் கலந்து உண்டாக்கிய ராத்ஸ்சைல்டியானா என்ற கலப்பினம் 1931இல் பதிவானது. அதன் வழித்தோன்றல்கள் மீண்டும் சீருலியாவோடு சேர்க்கப்பட்டு, பெயர்ச்சீட்டில் கலப்பின் சுவடே இல்லாமல், 'சீருலியா' என்றே கைமாறுவதுண்டு. சாண்டெரியானாவின் பக்கவாட்டுப் புல்லி இதழ்களில் பழுப்பு வலைப்பின்னல் இருக்கும் என்பதால், அந்தப் புள்ளிகள் எனக்கு அதைத்தான் நினைவூட்டின. ஆனால் வட்டமான பூ மட்டுமே கலப்புக்குச் சான்றாகிவிடாது. கலப்பில்லாத சீருலியாவிலேயே வட்டமான பூக்களைத் தேர்ந்தெடுத்துப் பல தலைமுறைகள் வளர்த்தாலும் அத்தகைய பூ கிடைக்கும். இதைப் பெரியவரிடம் நானே சொன்னேன். அப்படிச் சொன்ன பிறகும் என் குறிப்பை நான் மாற்றவில்லை.

மரபணுச் சோதனை செய்திருக்கலாமே என்று உடன் பணியாற்றுபவர்கள் கேட்டார்கள். செய்தோம், சீருலியா என்றே முடிவு வந்தது. அதை அவர் பக்கத்துக்கான வெற்றியாகக் கொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பசுங்கணிகத்திலுள்ள மேட்-கே மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது. தாய் சீருலியாவாக இருந்தால், தந்தை யாராக இருந்தாலும் அது சீருலியா என்றுதான் காட்டும். உட்கருவிலுள்ள ஐ.டி.எஸ். பகுதி இருவழியிலும் வருவது என்றாலும், கலப்பினத்தை இருமுறை சீருலியாவோடு சேர்த்த பிறகு, மரபணுத் தொகுதியில் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும், நான்கில் மூன்று செடிகளில் சாண்டெரியானாவின் படி இராது. ஆனால் செடி முழுவதையும் கணக்கிட்டால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு சாண்டெரியானா எஞ்சியிருக்கும். ஆகவே ஓரிரு இடங்களை மட்டும் படிக்கும் சோதனை 'ஆம்' என்று சொன்னாலும் கலப்பில்லை என்று அதற்குப் பொருளாகாது. இந்தக் கணக்கை நான் நம்புகிறேன். ஆனால் இதே கணக்கை எங்கள் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் செடிகளின் மேல் நான் போட்டுப் பார்த்ததில்லை என்பதும் உண்மை. அவற்றுக்குச் சேகரித்த இடத்தின் குறிப்பு தாளில் இருந்தது, அவ்வளவுதான். அவர் கேட்டது அதைத்தான் என்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது.

தாளின் பக்கம் நின்று பேசவும் எனக்கு நியாயம் இருக்கிறது. மேகாலயாவின் காசி மலைகளில் 1837இல் தாவரவியலாளர் கிரிஃபித் கண்டெடுத்து, 1847இல் மற்றொரு தாவரவியலாளர் லிண்ட்லி பெயரிட்ட சீருலியா, அதன்பின் காடுகளிலிருந்து சுமை சுமையாக அள்ளப்பட்டது. தாவரவியலாளர் ஹூக்கர் தாமே ஏழு ஆள் சுமை சேகரித்ததையும், அவற்றில் சிலவே இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். காட்டில் அருகிப்போன ஓர் இனத்தின் பெயரால் நாம் விதை எடுத்து நாற்று வளர்த்து, என்றாவது ஒருநாள் அவற்றை மலைக்கே திருப்பி அனுப்பினால், அவற்றோடு சாண்டெரியானாவின் மரபணுவும் போய்ச் சேரக்கூடாது. பூந்தொட்டிக்கு அந்தச் செடி எந்தப் பெயரோடும் போகலாம். காட்டுக்குப் போவதென்றால் ஐயத்தின் பலன் காட்டுக்குத்தான் கிடைக்க வேண்டும்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை என்றுதான் பல நாள் எண்ணியிருந்தேன். ஆனால் நாங்கள் அப்போது காட்டில் எதையும் நடப்போவதாக இல்லை. கண்ணாடிக் குடுவையில் விதை முளைக்கவைத்துத் தொகுப்பைப் பெருக்குவது மட்டுமே திட்டம். பின்னால் நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லி அன்றைய முடிவை நான் எடுத்தேனா, அல்லது பிறந்த இடம் தெரியாத செடிக்குக் கையெழுத்திடத் தயங்கிவிட்டு அதற்கான காரணத்தைப் பின்னர் தேடிக்கொண்டேனா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியவருக்கு இதில் சொந்த லாபம் இருந்ததாகவும் சொல்ல இடமில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தப்படி, நீல வாண்டா எனப்படும் சீருலியா, உரிமம் இல்லாமல் வளர்க்கக்கூடாத செடிகளில் ஒன்று. கலப்பினம் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. அப்படியிருந்தும் சீருலியா என்றுதான் அவர் வாதாடினார். உரிமத்துக்கு விண்ணப்பிக்கவும் அணியமாக இருந்தார். மலைத்தோட்டப் பங்களா ஒன்றிலிருந்து, பெயர் மட்டும் எழுதிய தகரச்சீட்டோடு அவர் கைக்கு வந்த செடி அது. அதை முதலில் வாங்கியவர் உயிரோடு இல்லை. கேட்டறிய வேறு யாரும் இல்லை.

இப்போது அந்தச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து காய் பிடிக்கவைத்திருக்கிறோம். இந்த யோசனையைச் சொன்னவரும் அவரே. சாண்டெரியானா கலந்திருந்தால் நாற்றுகள் பூக்கும்போது சிலவற்றிலாவது பழுப்பு வலைப்பின்னல் தெளிவாக வெளிப்பட வேண்டும் என்பது அவருடைய வாதம். அது சரியான வாதம்தான். ஆனால் காய் முற்றவே பல மாதங்கள் ஆகும். வாண்டா நாற்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். எதுவும் வெளிப்படாவிட்டால் பதிவேட்டில் 'சி.எஃப்.' என்பதை நீக்கிவிடுவீர்களா என்று போன வாரம் கேட்டார். அதை நீக்கிவிடலாம், 'யூ' மட்டும் அப்படியே இருக்கும் என்றேன். அப்படியானால் தாய்ச்செடி வரிசையில் இடம் உண்டா என்று அடுத்துக் கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.