தொட்டிக் கரி

ஜூலை 9
லேசரை அடித்து, சிதறும் ஒளியைப் பிரித்துப் பார்க்கிற ராமன் கருவி. அதைச் சரிபார்க்க வைக்கும் சிலிக்கான் துண்டு இன்று 518.9 காட்டுகிறது. நேற்று 520.5. ராத்திரி ஏசி நின்றுபோயிருக்கிறது. "மத்தியானம் வாங்க, ரூம் குளுந்துரட்டுங்க" என்றார் ராமன் கருவி பார்க்கும் அண்ணன். காலையில் அம்மாவின் வார்டு வாசலில் காத்திருந்தேன், இப்போது இங்கே.

ஜூலை 10
காங்கேயத்துத் தொட்டிக் கரி, அதாவது தேங்காய்ச் சிரட்டைக் கரி, 600, 800, 1000 டிகிரியில் சுட்டது. அவசரத்தில் பச்சை லேசரை முழு பவரில் விட்டுவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கரியில் குழி! ஸ்பெக்ட்ரத்தில் 1595இல் நிற்க வேண்டிய ஜி பீக், கார்பன் பிணைப்புகளின் அதிர்வு காட்டும் மேடு, சூட்டில் 1580க்கு இறங்கியிருந்தது. கரியையே கரித்த ஆள் நானாகத்தான் இருப்பேன். நூற்றில் ஒரு பங்கு பவர் வைத்து, நேரத்தைக் கூட்டி மறுபடியும் எடுத்தேன்.

ஜூலை 11
அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 12
ஸ்பெக்ட்ரத்தில் 1900க்குப் பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு. அரை மணி நேரம் எதையோ கண்டுபிடித்த நினைப்பில் இருந்தேன். திரும்ப எடுத்தால் காணோம். காஸ்மிக் கதிர் டிடெக்டரில் பட்டிருக்கிறது. அம்மாவின் ஸ்கேனையும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லலாமா?

ஜூலை 14
பேஸ்லைன், பேஸ்லைன். மேடுகளுக்கு அடியில் போட்டுக் கழிக்க வேண்டிய அடிக்கோடு. 600 டிகிரிக் கரியில் ஃப்ளூரசன்ஸ், லேசர் பட்டுக் கரி தானே விடும் ஒளி, மேடு மாதிரி ஏறிக் கிடக்கிறது. அதன் மேல் 1350இல் ஒழுங்கு குலைந்த கரியில் எழும் டி, பக்கத்திலேயே ஜி, இரண்டும் அகலமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நேர்கோடு போட்டுக் கழித்தால் டி/ஜி உயர விகிதம் 0.68, 0.79, 0.93 என்று ஏறுகிறது. பரப்பை எடுத்தால் எண்கள் வேறு, ஆனால் அதுவும் ஏற்றம்தான். என் ஆராய்ச்சிக் கைடுக்கோ அது இறங்க வேண்டும். சூடு கூடினால் ஒழுங்கு கூடும், டி குறையும் என்கிறார். நேர்கோட்டுக்குப் பதில் ஒன்பதாம் படிப் பாலினோமியல் வளைகோடு போட்டுப் பார்த்தேன், அழகாக இறங்கியது! கோடு வளைந்து போய் டி பேண்டின் அடிவயிற்றையே தின்றிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்து ரசித்துவிட்டு அழித்தேன்.

ஜூலை 15
"வந்துருச்சா கண்ணு?" என்றாள் அம்மா. கரியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று வைத்துக்கொண்டு, இன்னும் இல்லை என்றேன்.

ஜூலை 17
ஆடி ஒன்று. ஊரில் தேங்காய் சுடுவார்கள். கண்ணைத் திறந்து, பாசிப்பயறும் வெல்லமும் எள்ளும் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி அம்மாதான் நெருப்பில் திருப்புவாள். இந்த வருஷம் சித்தி சுட்டு, வார்டுக்கே கொண்டுவந்தாள். அம்மா ஒரு வாய் தின்றாள். கருகிய தொட்டியில் ஒரு சில்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, படித்தேன். கைடு சொல்வது டுயின்ஸ்ட்ராவும் கோனிக்கும் 1970இல் எழுதியது. படிகம் பெரிதானால் டி குறையும், சரி. ஆனால் 2000இல் ஃபெராரியும் ராபர்ட்சனும் எழுதியதைப் பார்த்தால், சுமார் 2 நானோமீட்டருக்குக் கீழே கதை தலைகீழ். டி வருவதற்கே அறுகோண வளையங்கள் வேண்டும். என் கரியில் அவை இப்போதுதான் சேர்கின்றன, சேரச் சேர டி ஏறத்தானே செய்யும்? இரண்டு மணிக்கு கைடுக்கு மெயில் போட்டேன்.

ஜூலை 18
"சனிக்கிழமை பேசலாம்." அவ்வளவுதான் பதில்.

ஜூலை 19
சிலிக்கான் 520.5. சித்தி சுட்ட சில்லை மேடையில் வைத்து ஃபோகஸ் செய்யும்போது வார்டிலிருந்து போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், பத்தரைக்கு டாக்டர் வரச் சொன்னாராம். லேசரை மூடிவிட்டேன். சில்லு மேடையிலேயே இருக்கிறது.