சிலேட்டு உடைஞ்ச வாரம்

ஜூலை 7, திங்கள்

நேத்து இங்க சிங்கப்பூர்ல இளையர் தினம், அதனால இன்னைக்கு ஸ்கூல் லீவு. காலையிலேர்ந்து மழை, கீழ பிளாக் அடியில திறந்து கிடக்கிற வாய்ட் டெக்குக்குக் கூட போக முடியல. தெம்பனிஸ் நூலகத்துல எடுத்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' புத்தகத்த பாப்பா சத்தமா படிக்க, நான் அத்தைக்குப் புரியறதுக்காக பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். 1908ல மான்ட்கோமரி எழுதுனது. கனடா பக்கம் பிரின்ஸ் எட்வர்ட் தீவு, அங்க ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ற ஆன்ங்கிற அனாதைப் பொண்ணோட கதை.

இன்னைக்கு வந்தது சிலேட்டு சீன். கில்பர்ட்னு ஒரு பையன், இந்த ஆன் பொண்ண எப்படியாவது திரும்பிப் பாக்க வைக்கணும்னு அவளோட செம்பட்டை ஜடையப் புடிச்சு இழுத்து "கேரட்"ங்கிறான். முடி விஷயத்துல அவளுக்கு ஏற்கனவே மனசு ரணம். எந்திரிச்சு சிலேட்டாலயே அவன் மண்டையில ஒரு போடு. அத்தை காய்கறி நறுக்குறத நிறுத்திட்டாங்க. "சிலேட்டு உடைஞ்சுச்சா, மண்டை உடைஞ்சுச்சா?" சிலேட்டுதான் அத்தைன்னேன். அவங்க மன்னார்குடி பக்கம் அஞ்சாவது வரைக்கும் சிலேட்டுல எழுதிப் படிச்சவங்க, கோவை இலைய வச்சு சிலேட்ட துடைக்கிறதெல்லாம் பாப்பாவுக்குச் சொன்னாங்க, கதை அரை மணி நேரம் அப்படியே நின்னுபோச்சு.

அப்புறம் தண்டனை. அந்த வாத்தியார் அவள போர்டு முன்னாடி சாயங்காலம் வரைக்கும் நிக்க வைக்கிறார், அவ தலைக்கு மேல "ஆன் ஷர்லிக்கு ரொம்பக் கோவம் வரும், அவ அதை அடக்கக் கத்துக்கணும்"னு எழுதிப் போட்டுட்டு. கில்பர்ட் எந்திரிச்சு தப்பு என்னோடது, நான்தான் கிண்டல் பண்ணேன்னு சொல்றான், வாத்தியார் காதுலயே வாங்கல. அத்தை கேட்டாங்க, "அந்தப் பையனே ஒத்துக்குறான், பெறகென்ன அந்தாளுக்கு?"

பாப்பாவுக்கு ஆத்திரம் வேற எடத்துல. ஆன் தன் பேர்ல கடைசில ஒரு 'இ' கண்டிப்பா வேணும்னு சொல்றவ. வாத்தியார் போர்டுல அந்த 'இ' இல்லாம எழுதிட்டார். "அம்மா, பேரக் கூட ஒழுங்கா எழுதல, பாரும்மா!" பாப்பா பேர்ல 'ழ' இருக்கு, இங்கிலீஷ்ல இசட் எச் போட்டுத்தான் எழுதணும், பாதி பேர் எச்ச விட்டுட்டு 'ஸ' மாதிரி கூப்பிடுவாங்க. பிரைமரி ஒன்லேர்ந்து திருத்தித் திருத்திச் சொல்லிக்கிட்டு இருக்கா. அந்த வரியில அவ குரல் ஏன் அப்படி உடைஞ்சுதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

ஜூலை 9, புதன்

கதையில அடுத்த நாள் நடக்கிறதுதான் எனக்கு இந்தப் புத்தகத்துலயே முக்கியமான எடம். மத்தியானம் பிள்ளைங்க எல்லாம் ஸ்ப்ரூஸ் மரத்தோப்புல பிசின் பொறுக்கப் போய் லேட்டா ஓடி வருதுங்க. ஆன் கடைசியில கிளம்புனாலும் வேகமா ஓடி வந்து பையன்களோட பையனா உள்ள நுழையிறா, தலையில பூ மாலை. வாத்தியாருக்கு ஒரு டஜன் பேரத் தண்டிக்கிற பொறுமை இல்ல, ஆனா லேட்டா வந்தா தண்டிப்பேன்னு சொன்ன சொல்லுக்கு ஏதாவது செய்யணும், ஒரு ஆள் போதும். உனக்குப் பையன்க சகவாசம் ரொம்பப் புடிக்குது போல, பூவ எடுத்துட்டு கில்பர்ட் பக்கத்துல போய் உக்காருன்னு இவள மட்டும் சொல்றார்.

முதல் நாள் நின்னப்போ அவ அழல. இந்த நாள்தான் டெஸ்க்குல இருக்கிற அத்தனையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுறா, இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு.

வளர்க்கிற மரில்லா, பத்துப் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புன பக்கத்து வீட்டு லிண்ட் அம்மாகிட்ட யோசனை கேக்குறாங்க. அந்தம்மா சொல்றத நான் ரெண்டு தடவை படிச்சேன். கோவத்துல அடிச்சதுக்கு நேத்து தண்டிச்சது சரிதான், இன்னைக்கு அப்படி இல்ல, லேட்டா வந்த எல்லாரையும்ல தண்டிச்சிருக்கணும்ங்கிறாங்க. அடிச்சவள நல்லவன்னு சொல்லல, வாத்தியாரையும் மொத்தமா கெட்டவன்னு சொல்லல, முதல் நாளையும் ரெண்டாம் நாளையும் தனித்தனியா எடுத்துப் பாக்குறாங்க. எனக்கு அந்த நிதானம் வேணும்.

ராத்திரி இவர்கிட்ட சொன்னேன். இவர் ஸ்கூல்ல ரோத்தான், அதான் பிரம்படி, வாங்குனவர். இங்க பொம்பளப் பிள்ளைங்கள ஸ்கூல்ல பிரம்பால அடிக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு, பையன்களுக்கு மட்டுந்தான். செகண்டரி டூல யாரோ விட்ட பேப்பர் ராக்கெட்டுக்கு முன் வரிசையில உக்காந்த பாவத்துக்கு இவர் உள்ளங்கையில ஒண்ணு. மத்த அடியெல்லாம் எதுக்குன்னு ஞாபகமே இல்லங்கிறார், அந்த ஒரு நாள் மட்டும் டீச்சர் கட்டியிருந்த வாட்ச் கூட ஞாபகம் இருக்காம்.

ஜூலை 10, வியாழன்

இன்னைக்கு நம்ம வீட்டுலயே.

பாப்பா வீட்டுக்கு வந்ததும் பேசல. சாக்ஸக் கழட்டி ஷூக்குள்ள திணிச்சுட்டு நேரா ரூமுக்குப் போய்ட்டா. அத்தை மைலோ கலக்கிக் குடுத்துக் கேட்டப்புறம்தான் வந்துச்சு. கிளாஸ்ல பின்னாடி உக்கார்ற பையன் ரெண்டு வாரமா மூக்கப் புடிச்சுக்கிட்டு "ஆயில் ஆயில்"னு சொல்றானாம். அத்தை தேக்காவுலேர்ந்து வாங்கிட்டு வர்ற தேங்காய் எண்ணெய தேய்ச்சு ரெட்டை ஜடை போட்டு அனுப்புவாங்க, அதுக்கு. இன்னைக்கு இவ அவன் பென்சில் பாக்ஸத் தூக்கி எறிஞ்சிருக்கா, ஜியாமெட்ரி செட் காம்பஸ் வளைஞ்சுபோச்சு. டீச்சர் இவள ரிசெஸ் முழுக்க கிளாஸ்லயே உக்கார வச்சு மன்னிப்புக் கடிதம் எழுத வச்சிருக்காங்க, வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லி. மேல பேரு எழுதியிருந்த எடத்துல எச் இல்ல.

ஏன் எறிஞ்சேன்னு யாரும் கேக்கல. இவளும் சொல்லல.

நேரா ஸ்கூலுக்கு போன் போடத்தான் கை போச்சு. போடல. முதல்ல அவகிட்ட, எறிஞ்சது தப்பு, உன் ஆங்பாவ் அன்பளிப்புக் காசுல புது காம்பஸ் வாங்கிக் குடுக்கணும்னு சொன்னேன். அழுதா. அப்புறம் கையெழுத்துப் போட்டுட்டு கீழ நாலு வரி, பணிவாத்தான், ரெண்டு வாரமா நடந்தத எழுதி, அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்கன்னு எழுதுனேன். எச்ச நான் சேக்கல. பாப்பாவே பேனா எடுத்து நடுவுல ஒரு சின்ன அம்புக்குறி போட்டுச் சேத்தா.

ஜூலை 14, திங்கள்

டீச்சர் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டுப் பேசுனாங்க. நல்லவங்க, எனக்கு அவங்க மேல கோவம் இல்ல, கிட்டத்தட்ட நாப்பது பிள்ளைங்க இருக்கிற கிளாஸ்ல சத்தம் வந்தது ஒரு பக்கம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு. அந்தப் பையன் கேட்டதும் ஒத்துக்கிட்டானாம். இன்னைக்கு அவனுக்கும் ரிசெஸ் கிடையாது, அவனும் ஒரு கடிதம் எழுதணும்.

பாப்பாவுக்கு அதுல சந்தோஷம் ஒண்ணும் பெருசா தெரியல. "அவன் எழுதறத நான் பாக்கல, கேன்டீன்ல இருந்தேன்"னு மட்டும் சொன்னா. ஆனா ராத்திரி ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டா, போன நாலு நாளா சரியாவே சாப்பிடல.

ஜூலை 18, வெள்ளி

கதையில போட்டி சூடு புடிச்சிருச்சு. ஆன் திரும்ப ஸ்கூலுக்கு வந்துட்டா, மாசாமாசம் எழுதுற பரீட்சையில ஒரு மாசம் கில்பர்ட் மூணு மார்க் கூட, அடுத்த மாசம் இவ அஞ்சு மார்க் கூட. தோத்த கில்பர்ட் எல்லார் முன்னாடியும் மனசார வாழ்த்துறான், அது இவளுக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. இங்க 2019லேர்ந்து ரிப்போர்ட் புக்ல ரேங்க் போடுறத எடுத்துட்டாங்க, இருந்தாலும் யாரு முதல்னு பிள்ளைங்களுக்குத் தெரியாமயா இருக்கு.

"அவன்தான் ஸாரி சொல்லிட்டானே, ஏம்மா இவ இன்னும் பேசல?"ன்னு பாப்பா கேட்டா. நீ பேசுனியான்னு நான் கேக்கல, நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அத்தைதான் சொன்னாங்க, "பேசுவா, அவளுக்குத் தோணும்போது பேசுவா, நீ படி."

ஒரு வாரமா வேணாம்னு தள்ளிக்கிட்டே இருந்தவ, படிச்சு முடிச்சதும் எண்ணெய் பாட்டில தானே எடுத்துட்டு வந்து அத்தை காலடியில உக்காந்தா. ஃபேன் காத்துல எண்ணெய் வாசனை வீடு பூரா. அத்தை வகிடு எடுத்துக்கிட்டே அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, மன்னார்குடி 'ழ', நல்லா அழுத்தி.