கொண்டையில் ஒரு நரிவால்

அசாமில் சித்திரையில் பிஹு திருவிழா வந்துவிட்டால் ஆடும் பெண்களின் கொண்டையில் கபோ என்னும் ஆர்க்கிட் பூ இருக்கும். மாநில மலரும் அதுதான். யாரும் தொடுத்த சரமில்லை, செடியிலேயே அப்படித்தான் பூக்கும்! நரிவாலாகத் தொங்கும் ஒரே கொத்தில் நூறு பூக்கள்கூட வரும். வெள்ளையில் ஊதாச் சிவப்புப் புள்ளிகள்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உண்டு. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட், ஆனால் ஒட்டுண்ணி இல்லை. தடித்த வேர்களே மழையையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மண் நிரப்பிய தொட்டியில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வேர் அழுகிவிடும். மாமரக் கிளையில் கட்டிவிடலாம், இல்லையென்றால் மரக்கூடையில் கரித்துண்டு போட்டு வைக்கலாம். காட்டில் பிய்த்ததை வாங்க வேண்டாம், நர்சரிக் கன்று போதும். இலைகளுக்கிடையே சலித்து விழும் வெயில் பிடிக்கும். அப்புறம், அடிக்கடி இடம் மாற்றி வேரை அசைத்தால் கோபித்துக்கொள்ளும். பூவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.