முதல் கேள்வியும் பழைய வேலையும்

டெல்டாவில் உள்ள ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்துக்கொண்டே, வெளியூர்களிலிருந்து வரும் ஆய்வுக் குழுக்களுக்குக் களப்பணியை ஒருங்கிணைத்துக் கொடுக்கும் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நெல் கொள்முதல், குத்தகை, கூலி, இறால் ஏற்றுமதி என்று வணிகப் பொருளியலாளர்களுக்கும் வளர்ச்சிப் பொருளியலாளர்களுக்கும் இங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. அவர்கள் அனுப்பும் தன்விவரக் குறிப்பில், முனைவர் பட்டம் எங்கே பெற்றார்கள் என்பதற்கு முன்பாக, அதுவரை என்ன வேலை பார்த்தார்கள் என்பதைத்தான் தேடிப் படிப்பேன். கொள்முதல் நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் கேட்கும் முதல் கேள்வியைப் பெரும்பாலும் அந்தப் பழைய வேலையே தீர்மானிக்கிறது.

2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. அதன் பாதிப்பு சம்பா விவசாயி வரை எப்படி வந்து சேரும் என்று அறிய ஒரு குழு திருவாரூர்ப் பக்கம் வந்திருந்தது. குழுவில் ஒருவர் இளங்கலை தொடங்கி முனைவர் பட்டம் வரை வேறெங்கும் நிற்காமல் படித்து முடித்த இளைஞர். மற்றவர் சுங்கத் துறையில் சில காலம் பணியாற்றிவிட்டுப் பொருளியலுக்கு வந்தவர். இளைஞரின் வினாப்படிவம், உள்ளூர் விலை எவ்வளவு இறங்கியது என்ற கேள்வியோடு தொடங்கியது. சுங்கத்துக்காரரோ அரவை ஆலைக்குள் நுழைந்ததும், "இங்கே ஓடுவது பச்சையா, புழுங்கலா?" என்று கேட்டார். அப்போதைய சுங்கப் பட்டியலில் புழுங்கல் அரிசிக்கு 1006 30 10 என்று ஓர் எண். தடை விழுந்ததோ பச்சரிசி அடங்கிய 1006 30 90 என்ற எண்ணின்மேல். புழுங்கலுக்குத் தடை இல்லை. ஆகஸ்ட் 25 அன்றுதான் அதற்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. நம் பக்கத்து ஆலைகளில் புழுங்கலே மிகுதி என்பதால், படிவத்தின் முதல் பக்கத்தை அன்று மாலையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அதற்காக நேராகப் படித்து வந்தவர்களைக் குறைத்து மதிப்பிட்டால் அது நியாயமாகாது. அந்தப் பருவத்தில் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கொள்முதல் விலை சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய், பொது ரகம் 2,265 ரூபாய். அரசு இந்த விலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் வரை வெளிவிலை அதற்குக் கீழே வெகுதூரம் இறங்காது. எனவே தடையின் தாக்கத்தை விலையில் தேடுவதைவிட, வியாபாரியிடம் போயிருக்க வேண்டிய நெல் எவ்வளவு கொள்முதல் நிலையத்துக்கு வந்து, எத்தனை நாள் காத்துக் கிடந்தது என்பதில் தேட வேண்டும் என்று அந்த இளைஞர்தான் இரவு காகிதத்தில் போட்டுக் காட்டினார். பருவந்தோறும் குவியல்களுக்கு நடுவே நடக்கும் எங்களில் எவரும் அதை அப்படி வரிசைப்படுத்திப் பார்த்ததில்லை.

சுங்கத்துக்கும் பொருளியலுக்கும் உள்ள உறவு புதிதன்று. ஆடம் ஸ்மித்தே 1778இல் ஸ்காட்லாந்தின் சுங்க ஆணையர்களில் ஒருவராகப் பொறுப்பேற்றவர். (தடையற்ற வணிகத்துக்காக வாதாடியவர் வரி வசூலிக்கப் போனதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.) 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன்பு இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்தவர். அதனால்தானோ என்னவோ, இங்கே வந்ததும் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது என்று எழுதிவரச் சொன்னார். 1918இல் வெளியான அந்தத் தொகுப்பில் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் இருக்கிறது. அந்த ஊருக்கு இன்றும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆட்சிப் பணியிலிருந்து வந்தவர்களின் கண் வேறு. தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்து, பின்னர் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளராக இயங்கிய எஸ். குகனின் எழுத்துகளில், ஒரு திட்டம் நல்லதா என்ற கேள்வியோடு அது எந்தக் கையொப்பத்தில் தடைபடும் என்ற கேள்வியும் சேர்ந்தே வருவதாக எனக்குத் தோன்றும். அந்த வழியில் வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரோடு மன்னார்குடிப் பக்கம் சென்றபோது, அவர் விலையைப் பற்றி விசாரிக்கவே இல்லை. நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் கேட்டுக்கொண்டே போனார். கோயில் நிலத்தையும் பிறர் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர்கள் நிறைந்த பகுதி இது. மூட்டை ஒருவருடையது, ஆவணம் இன்னொருவருடையது என்றால், ஆதரவு விலை உயர்ந்த கணக்கு யாருடைய வருமானத்தில் ஏறும் என்பதை விலைப் பட்டியல் சொல்லாது.

வளர்ச்சிப் பொருளியலில் உபரி உழைப்புக் கோட்பாட்டை (வேளாண்மையில் தேவைக்கு மேல் தங்கியிருக்கும் உழைப்பைப் பற்றியது) 1954இல் முன்வைத்த ஆர்தர் லூயிஸ், சிறு வயதில் கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் அரசு எழுத்தராக இருந்தவர்; பொறியாளராக விரும்பியும், கறுப்பினத்தவருக்கு அந்த வேலையைத் தருவார் எவரும் இல்லாததால் வேறு படிப்புக்குப் போனவர். நம்மவரான டி.என். சீனிவாசன் சென்னையில் கணிதம் படித்து, கொல்கத்தாவில் புள்ளியியல் பயின்ற பிறகே பொருளியலுக்கு வந்து, வணிகம், வளர்ச்சி இரண்டிலும் பெயர் பெற்றார்.

இப்போது வருபவர்களில் பொறியியல் படித்தவர்கள் கூடிவிட்டார்கள். மேகம் மூடியிருந்தாலும் ரேடார் படத்தை வைத்துக் குறுவை நடவான பரப்பைச் சொல்லிவிடுகிறார்கள். அது பெரிய உதவிதான். ஆனால் வயலைக் காட்டும் படம் குத்தகைதாரரைக் காட்டுவதில்லை என்பதை ஒவ்வொரு குழுவிடமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததை ஒட்டி, நாகப்பட்டினம் மாவட்டத்து இறால் பண்ணைகளைப் பார்க்க வந்த குழுவில், முன்பு ஒரு பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்த்த பெண் ஆய்வாளர் இருந்தார். கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது என்று மற்றவர்கள் கேட்க, எந்தக் கவுண்ட்டில் பிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதை வைத்தே விலை. விலை இன்னும் விழும் என்று பயந்து முன்னதாகவே பிடித்துவிட்டால், இறால் சிறுத்து, கவுண்ட் கூடி, அதனாலும் விலை குறையும். அவர் சொல்லி, படிவத்தில் பிடிப்பு நாளுக்குப் பக்கத்தில் கவுண்ட்டுக்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். குறைந்த விலையில் வரியின் பங்கு எவ்வளவு, அவசரப் பிடிப்பின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துத்தான் இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறோம்.