குரலுக்கு இடுப்பு கிடையாது

சாப்பாட்டோடும் உடம்போடும் சமாதானமாக இருக்க உதவும் எதையும் பார்ப்பதைவிடக் கேட்பதே நல்லது என்று நம்புகிறேன். வீடியோவில் பேசுகிறவர் எவ்வளவு நல்லதைச் சொன்னாலும் கண் முதலில் அவர் இடுப்பைத்தான் அளக்கிறது, அப்புறம் நம்முடையதை. குரலுக்கு இடுப்பு கிடையாது. அதனால் தேங்காய் துருவும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நான் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது, பிபிசி உலகச் சேவையின் ‘விட்னஸ்’ நிகழ்ச்சியில் வந்த ஒரு சிறு பேச்சு. மினசோட்டா பட்டினிச் சோதனை பற்றியது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் இதற்காகச் சேர்ந்தார்கள். ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராதவர்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். சோதனையை நடத்தியவர் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர். சில வாரம் வழக்கமான சாப்பாடு, பிறகு 24 வாரம் ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று சாப்பாடு. எடையில் கால்வாசி போய்விட்டது.

என்னை உலுக்கியது எடை இல்லை. அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று ஆன பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவே இல்லை. அவர்களில் ஒருவரான மார்ஷல் சட்டன் முதிய வயதில் இதையெல்லாம் நினைவுகூர்கிறார்.

எங்கள் ஏரியா ஜிம்மில் எனக்குக் கொடுத்த டயட் சார்ட் ஒரு நாளைக்கு 1,200 கலோரி. அந்த இளைஞர்கள் வாரத்துக்கு 22 மைல் நடந்த ஆண்கள், அதனால் நேரே ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த நாட்களில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? திண்டுக்கல் பிரியாணி, ஆம்பூர் பிரியாணி என்று ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வாயைக் கட்டத் தெரியாதவ’ என்று வீட்டில் பேச்சு. பட்டினி போட்ட உடம்பு சாப்பாட்டைத் தேடும், அது அதன் வேலை என்று யாரும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு முதியவரின் குரல் சொன்னது. அன்றைக்கு என் பசி மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

இரண்டாவது, ஆப்ரி கார்டனும் மைக்கேல் ஹாப்ஸும் 2020-இல் தொடங்கிய ‘மெயின்டனன்ஸ் ஃபேஸ்’ என்ற பாட்காஸ்ட். வேகமான அமெரிக்க ஆங்கிலம், அந்த ஊர் டிவி பேச்சு நிறைய. பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிஎம்ஐ பற்றிய பகுதியை மட்டுமாவது கேளுங்கள். உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் அந்தக் கணக்கு, பெல்ஜியத்தைச் சேர்ந்த குவெட்லே என்ற வானியலாளர் 1830-களில் போட்டது. கூட்டம் கூட்டமாக மனிதர்களை அளந்து ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர். தனி ஒருவரின் ஆரோக்கியம் அவருடைய கேள்வியே இல்லை. 1972-இல் அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரைத் தந்தவர், மேலே சொன்ன அதே கீஸ்தான்.

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. எடை ஒரு பொருட்டே இல்லை என்கிற தொனி சில இடங்களில் வரும். நம் ஊரில் பார்க்க ஒல்லியாக இருப்பவர்களுக்கும், எடை கொஞ்சம் கூடினாலே சர்க்கரை வருகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25-க்குப் பதில் 23-லிருந்தே அதிக எடை என்று கணக்கிடுகிறார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை நான் விடுவதில்லை. மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். பசியை நம்புவதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

மூன்றாவது பேச்சே இல்லை, பயிற்சி. தன்னிடம் கருணை காட்டுவது பற்றி ஆராயும் கிறிஸ்டின் நெஃப் தன் இணையதளத்தில் ஒலிப்பதிவுகளை இலவசமாகவே வைத்திருக்கிறார். ஐந்து நிமிடத்திலும் ஒன்று உண்டு. படுத்துக்கொண்டு உடம்பின் ஒவ்வொரு பாகமாகக் கவனிக்கும் நீளமான ஒன்றும் உண்டு. வயிற்றுக்கு வரும்போதுதான் கஷ்டம். பள்ளி நாட்களிலிருந்தே போட்டோ என்றால் வயிற்றை உள்ளே இழுத்துப் பழகியவள் நான். அதை அப்படியே விட்டு, மேலே கையை வைத்துக்கொண்டு படுத்திருப்பது ஆரம்பத்தில் அழுகையைத்தான் வரவழைத்தது.

சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, நாள் கணக்கில் பட்டினி கிடப்பது, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது என்று இருந்தால் இந்த ஒலிப்பதிவுகள் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு ஆங்கிலம் ஓடாது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, கல்யாண வீடுகளில் ‘என்னம்மா இப்படி ஊதிட்ட’ என்பதைக் கேட்டுக் கேட்டு, சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டவள். அவளுக்காக நானே தமிழில் ஒன்று பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாதத்தில் தொடங்கி மேலே வருவது போல. ‘ரெண்டு புள்ளையைச் சுமந்த வயிறு, இப்போ அதை இறுக்க வேண்டாம், விடு’ என்று அதில் ஒரு வரி வரும். அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்கிறாளாம். சாப்பிட உட்காரும் முன் கேட்கச் சின்னதாக இன்னொன்று வேண்டும் என்று இப்போது கேட்டிருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பதியப் போகிறேன்.